காணாமல் போன கறிவேப்பிலை

"கறிவேப்பிலையைக் காணேல்லை!"

ரொறன்ரோவில கலியாணவீடு முடிச்சு, ஆறு மணித்தியாலம் கார் ஓடி, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கட நோத்ர-டாம்-த-கிரேஸ் வீட்டுக்கு வந்து இறங்கினால், பின் வளவில கறிவேப்பிலைச் சாடி நிண்ட இடத்தில வட்டமா ஒரு அடையாளம்தான் கிடக்குது.

"வடிவாப் பாத்தனீங்களோ?" எண்டு கேட்டுக்கொண்டு என்ர மனிசி கௌரி பெட்டியோட உள்ளுக்குப் போயிட்டாள். வடிவாப் பாக்க அதென்ன ஊசியோ? என்ர நெஞ்சளவு மரம்!

பதினொரு வருசம் வளர்த்தனான். கோடைக்கு வெளியில, குளிர் தொடங்க முந்தி உள்ளுக்கு. இந்த ஊர்ச் சனம் ஒக்ரோபர் வந்தால் இலை பாக்கவெண்டு கார் எடுத்துக்கொண்டு மலைக்குப் போகும். சிவப்பாம், மஞ்சளாம், போட்டோவாம். விழப்போற இலைக்கு இவ்வளவு கூத்து! எனக்குப் பாக்கிறதுக்கு ஒரே ஒரு மரம்தான். அதுவும் பச்சையா நிண்டால் காணும்.

முன் வீட்டுக்காரி வாசலில மூண்டு பூசணிக்காய் அடுக்கி வைச்சிருக்கிறாள். சமைக்கவும் மாட்டாள். அதை ஒருத்தரும் தொடேல்லை. என்ர கறிவேப்பிலையைத்தான் எடுக்கோணுமோ?

பக்கத்தில மேல் வீட்டு வலன்ரைன்ர கறிவேப்பிலைச் சாடி அப்பிடியே நிண்டது. என்ரயில பாதி உயரம்கூட இல்லை. உறைபனியில இலையெல்லாம் கறுத்து, தொட உதிருது.

எனக்கு உடன விளங்கீட்டுது. தன்ர நோஞ்சான் மரத்தை வெளியில விட்டிட்டு, என்ர நல்ல மரத்தைக் கிளப்பிப் போட்டான்!

அவனோட நான் யூலையில இருந்து கதைக்கிறேல்லை. என்னைக் கேளாமல் என்ர மரத்தில ரெண்டு நெட்டு முறிச்சவன். ஏன் எண்டு கேட்டால், "றால் கறிக்கு அண்ணை, வாசமாயிருக்கும்" எண்டு சிரிக்கிறான். அண்டைக்கே கௌரிக்கும் சொல்லிப்போட்டன், அந்த வீட்டோட ஒரு கதையும் வேண்டாமெண்டு.

விறுவிறெண்டு ஏறினன். இரும்புப் படி முழுக்க மேப்பிள் இலை, ஒரு மாசமாக் கூட்டேல்லைப் போல. சறுக்கி விழப் பாத்தன். அதுக்கும் சேத்துக் கோபம் வந்திது.

வலன்ரைன் கதவைத் திறந்தான். ஒரு கையால வயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டான்.

"வாங்கோ அண்ணை. கலியாணம் எப்பிடி?"

"கலியாணத்தை விடும். என்ர மரம் எங்க?"

கேட்டிருக்கவே தேவையில்லை. உள்ளுக்குச் சன்னலடியில நிக்குது. கீழ தட்டும் வைச்சு, தண்ணியும் ஊத்தி, பச்சைப் பசேலெண்டு.

"ஆரைக் கேட்டு எடுத்தனீர்?"

அவன் வாயைத் திறந்தான். பேந்து மூடிக்கொண்டான்.

"வெள்ளிக்கிழமை உறையுமெண்டு சொன்னவங்கள் அண்ணை. அதுதான்..."

"உறையுமெண்டால் உம்மட மரத்தையெல்லோ முதல்ல தூக்கியிருப்பீர்? அது கீழ செத்து நிக்குது. என்ர காதில பூ வைக்காதையும்!"

"நீங்கள் கொண்டுபோங்கோ அண்ணை" எண்டான். கோபமே இல்லை. களவெடுத்தவனுக்கு எப்பிடிக் கோபம் வரும்?

"கொண்டுபோகத்தான் வந்தனான். இல்லாட்டி, களவெடுத்ததுக்கு மெர்சியெண்டு நன்றி சொல்லவோ?"

சாடியைக் கட்டிப்பிடிச்சுத் தூக்கினன். அம்மாடி! என்ன பாரம்.

"ஒரு கை பிடியும்."

"ஏலாது அண்ணை."

"ஏத்தேக்க ஏலும், இறக்கேக்க ஏலாதோ? வெக்கமாயில்லையோ உமக்கு?"

நாலு வீட்டுக்குக் கேக்கட்டும் எண்டுதான் கத்தினன். அவன் கதவைப் பிடிச்சபடி, "படி கவனம் அண்ணை, சறுக்கும்" எண்டான். அந்த நடிப்பைப் பாக்க எனக்கு இன்னும் ஏறீட்டுது.

ஒவ்வொரு படியா இறக்கி, முதுகு ரெண்டாப் பிளந்தமாதிரி நோக, குசினிச் சன்னலடியில கொண்டுவந்து வைச்சன்.

"பாத்தியே? கள்ளனிட்டயிருந்து மீட்டுக்கொண்டு வந்திட்டன்!"

தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிண்ட கௌரி கேத்திலை டக்கெண்டு வைச்சாள்.

"அந்த மனுசனை என்ன சொன்னனீங்கள்?"

"கள்ளனைக் கள்ளனெண்டுதான் சொல்லலாம்."

"கடவுளே! வெள்ளிக்கிழமை பின்னேரம் நான்தான் ரொறன்ரோவில இருந்து அவருக்குப் போன் எடுத்தனான். உறையப்போகுது, எங்கட சாடியை உள்ளுக்கு எடுத்து வையுங்கோ எண்டு."

"நீயோ?"

"ஓம், நான்தான். உங்களுக்குச் சொன்னால் கலியாணவீட்டில நிண்டு கத்துவியள். நான் கேட்டதெண்டு அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ எண்டும் சொன்னனான். அதுதான் அந்த மனுசன் வாய் திறக்கேல்லை."

எண்டாலும் விட மனமில்லை.

"அப்ப தன்ர மரத்தை ஏன் சாக விட்டவன்? எனக்கு அதைச் சொல்லு பாப்பம்."

"அவருக்கு வயித்தில ஒப்பரேசன் செய்து மூண்டு கிழமை. பாரம் தூக்கக்கூடாதாம். மேல் வீட்டில ஆள் படுத்துக் கிடந்தது உங்களுக்குத் தெரியுமோ? கதைச்சால்தானே தெரியும்! எனக்கே போனிலதான் தெரியும். ஐயோ வேண்டாம், விடுங்கோ எண்டனான். கேட்டால்தானே."

"என்னவாம்?"

கௌரி கறிவேப்பிலையைப் பாத்தாள், என்னைப் பாக்கேல்லை.

"'ரெண்டு ஏத்த ஏலாது அக்கா, ஒண்டுதான் ஏலும். அண்ணையின்ரயை ஏத்திறன்' எண்டவர்."