புழு இல்லாத கத்தரிக்காய்

கிட்ட வாங்க, கண்ணுங்களா. கத்தரிக்காயில் புழு இல்லை என்று ஒருத்தர் சண்டைக்கு நின்ற கதை இது. சின்னதுதான், தட்டில் சோறு ஆறுவதற்குள் சொல்லிவிடுவேன்.

“இதுலயும் ஒரு புழு இல்ல!” புகழேந்தி பத்தாவது காயையும் பிளந்து போட்டார். செங்கம் ரோட்டில் ஓட்டல் வைத்திருப்பவர். ‘மரபணு மாற்றிய எதுவும் இங்கே சமைப்பதில்லை’ என்று வாசலில் பலகை. வெளிநாட்டுக்காரர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள்.

அடி அண்ணாமலையிலிருந்து கூடை சுமந்து வந்த மணியம்மாளுக்கு எரிச்சல் தாங்கவில்லை. மூன்று நாளாக இதே பேச்சு, பிளந்த காயெல்லாம் மேசையில் கறுத்துக் கிடக்கிறது. தினம் காய் எடுப்பது இந்த ஒரு கடைதான். இதுவும் போனால் செடியிலேயே முத்த வேண்டியதுதான்.

“புழு அண்டாத மாதிரி விதையவே மாத்திட்டாங்களாமே. மருந்தும் அடிக்கலன்றீங்க, அப்புறம் எப்படிம்மா ஒரு காய்ல கூட ஓட்டை இல்ல?”

“எங்க மாமியார் காலத்து விதைப்பா இது! வேங்கிக்கால் விவசாய ஆபீஸ்ல போய், இது மாத்துன விதை இல்லன்னு லெட்டர் கேட்டேன். ‘அந்தக் கத்தரிய நம்ம நாட்டுல விக்கவே விடல, இல்லாததுக்கு என்னான்னு லெட்டர் தர்றது’ன்னு அங்க இருந்த ஆபீசரு சிரிக்கிறாரு. நீ நம்ப மாட்டேன்ற. நான் எந்தச் செவுத்துல போய் முட்டிக்கிறது?”

“சரி, இத நீங்க துன்னுவீங்களா?”

மணியம்மாள் விருட்டென்று தன் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து நீட்டினாள். கத்தரிக்காய்க் குழம்பு. முழுக் காய் ஒன்று கூட இல்லை; காம்புப் பக்கம் போனதும் அடிப்பக்கம் போனதுமாய்ப் பொடித் துண்டுகள்.

புகழேந்தி துள்ளிக் குதித்தார். “மாட்டிக்கினீங்க! எங்களுக்கு மட்டும் குண்டு குண்டா, உங்களுக்கு வேற காயா? வீட்டுக்குன்னு தனிப் பாத்தி போட்டு நல்லத நீங்க வெச்சிக்கிறீங்க, மாத்துனத எங்க தலையில கட்டுறீங்க!”

மணியம்மாள் தூக்கை மூடினாள். கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“பாத்தி ஒண்ணுதாம்பா. நல்லதெல்லாம் உனக்குப் பொறுக்கிப் போட்டுட்டு, புழு வெச்சத அரிஞ்சு நாங்க துன்றோம்.”

உங்க வீட்டுக் குழம்பில் என்றைக்கும் முழுக் காயே மிதக்கட்டும், கண்ணுங்களா.