அக்காவின் வயிற்றுவலி

“ஐயோ டாக்டர், உயிர் போற வலி!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள் அக்கா. அவளுடைய கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே தம்பி வந்தான்.

டாக்டர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நோயாளியின் முகத்தைப் பார்த்தால் ஊர்க்கதையெல்லாம் கேட்க வேண்டிவரும், திரையைப் பார்த்தால் நோய் மட்டும்தான் தெரியும் என்பது அவர் கட்சி. போதாக்குறைக்கு வெளியே கூட்டம் வேறு நெருக்கியடித்துக்கொண்டிருந்தது.

ஆனாலும் தம்பி கதவைச் சாத்தியபடி வணக்கம் சொன்ன குரல் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. “நீ போன மாசம் வந்தவன்தானே?”

“ஆமா டாக்டர்.”

மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிற பையன். ஏதோ வலி என்று வந்திருந்தான். வயிறோ, நெஞ்சோ, அவருக்கு ஞாபகமில்லை. திரையில் மாத்திரையின் பெயரைப் பார்த்ததுமே மிச்சத்தைக் கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லாமல் போயிற்று. எல்லாம் மனசுதான் காரணம், தினமும் நட, மூச்சுப் பயிற்சி செய் என்று சொல்லி அனுப்பிவைத்தார். அறிவுரை என்றால் டாக்டருக்குக் கொஞ்சம் தாராளமான கை.

“தம்பி மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடறானாம்மா?” என்று அக்காவிடம் கேட்டார், தம்பி பக்கத்தில் குத்துக்கல்லாக நிற்கும்போதே.

“நானே பாத்துப் போட்டுக்கறேன் டாக்டர். வேலைக்கும் போறேன்” என்றான் அவன்.

“வெரி குட்” என்று திரையிடம் சொன்னார் டாக்டர். “நீங்க சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?”

அக்கா மடை திறந்த மாதிரி கொட்டினாள். “வலது விலாவுக்குக் கீழ டாக்டர். எண்ணெயில பொரிச்சது எதைத் தின்னாலும் கொஞ்ச நேரத்துல பிடிச்சுக்குது. அங்கேருந்து முதுகுக்குப் போய், தோள்பட்டைக்குப் போகுது. ராத்திரியெல்லாம் சுருண்டு படுத்து ஒரே அழுகை. பாக்கறவங்களுக்கே தாங்கல. நீங்களும் கைவிட்டுட்டா வேற எங்க போறதுன்னு தெரியல டாக்டர்.” கடைசியில் அவள் குரல் நிஜமாகவே உடைந்துவிட்டது.

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். அந்த அறையில் அது அபூர்வமான காட்சி.

“இப்படித் தெளிவா சொன்னா எவ்வளவு சுலபமா இருக்கு பாருங்க! இப்படிப் படுங்கம்மா. எங்க, இங்கயா?” என்று விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்தினார்.

“ஸ்ஸ்...” என்று முதலில் முகத்தைச் சுளித்தவன் தம்பிதான். அதற்குப் பிறகுதான் அக்கா “அம்மா!” என்று அலறினாள். அலறிய அலறலில், வெளியே காத்திருந்தவர்களில் இரண்டு பேர் தங்களுக்குக் குணமாகிவிட்டது என்று வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள் என டாக்டர் நெகிழ்ந்துபோனார்.

“பித்தப்பையில கல்லு. என் கை பொய் சொல்லாது. இப்பவே ஸ்கேன் பண்ணிடலாம்.”

“இப்பவேவா? ரொம்ப நன்றி டாக்டர்!” என்றாள் அக்கா. கல் என்றதற்கு நன்றி சொன்ன முதல் நோயாளி அவளாகத்தான் இருக்கும்.

“கல்லுன்னா பயப்படணுமா டாக்டர்?” என்று தம்பி மெதுவாகக் கேட்டான்.

“கண்டுக்காம விட்டா வீங்கி, சீழ் பிடிச்சு, உயிருக்கே வினையாயிடும். இப்பவே பிடிச்சுட்டா ஒரு பயமும் இல்ல. நல்லவேளை, நேரத்தோட கூட்டிட்டு வந்தே” என்று அவனைப் பாராட்டினார் டாக்டர்.

பக்கத்து அறைதான் ஸ்கேன் அறை. நர்ஸ் இருவரையும் அங்கே அழைத்துப் போனாள். இன்னொரு நோயாளியைப் பார்த்து அனுப்பிவிட்டு டாக்டர் வந்தபோது விளக்கை அணைத்திருந்தார்கள். கட்டிலில் தலையோடு கால் போர்த்தி, வயிற்றில் மட்டும் போர்வையை விலக்கிப் பசை தடவித் தயாராக இருந்தது.

“டாக்டர், ஒரு நிமிஷம்...” என்று ஆரம்பித்தாள் நர்ஸ்.

“எல்லாம் எனக்குத் தெரியும், நீ சும்மா இரு” என்று அவள் வாயை அடைத்துவிட்டு, டாக்டர் திரைக்கு நேராக உட்கார்ந்தார். பக்கவாட்டில் கையை நீட்டி வயிற்றில் கருவியை வைத்தார். “மூச்சை இழுத்துப் பிடிங்கம்மா.”

மூச்சு இழுக்கப்பட்டது. டாக்டர் துள்ளிக் குதிக்காத குறை.

“சிக்கிட்டான்! நான் சொன்னேன்ல? ஒருத்தன் இல்ல, குடும்பத்தோட குடியிருக்கானுங்க!” பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையின் பூரிப்பு அவர் குரலில் தெரிந்தது.

பூரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது. “இது நேத்து முளைச்ச கல்லு இல்லம்மா. இதுக்கு முன்னாடி எந்தப் புண்ணியவான்கிட்டயாவது காட்டினீங்களா? வயித்துல கையை வெச்சாவது பாத்தானா அந்த ஆளு?”

அறையின் மூலையிலிருந்து அக்கா தொண்டையைக் கனைத்தாள். அக்கா மூலையில் நின்றால் கட்டிலில் யார் என்று டாக்டர் அப்போதுதான் திரையிலிருந்து கண்ணை எடுத்துத் திரும்பினார். போர்வையை இறக்கிவிட்டுத் தம்பி அவரைப் பார்த்தான்.

“போன மாசம் இதே வயித்தை உங்ககிட்டதான் டாக்டர் காட்டினேன்.”