பத்த வச்சிருங்க

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ரேடியோ விஷயம் எனக்கு என்ன தெரியும்? காதில் விழுந்ததை விழுந்தபடி சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டுச் சண்முகவேலுக்கு டெலிபோன் ஆபீசில் வேலை. தனி ஆள். சர்க்கார் லைசென்ஸ் வாங்கி, வீட்டில் ஒரு வயர்லெஸ் செட் வைத்திருந்தார். எங்கெங்கோ இருக்கிற ஆட்களோடு பேசுவார். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

ஞாயிற்றுக்கிழமை பட்டாசுக் கம்பெனி லீவு. மத்தியானம் சுவரோரம் பாயை விரித்துப் படுத்தால், அந்தக் குரல்கள் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுகிற மாதிரி மிதந்து வரும். தூத்துக்குடிக்காரர் ஒருத்தர், இன்றைக்குக் கடல் எப்படிக் கிடக்கிறது என்று சொல்லுவார். பாதித் தூக்கத்தில் என் பாய் தோணி மாதிரி ஆடும். நான் இதுவரைக்கும் கடலைப் பார்த்ததில்லை.

சுனாமிக்கு மறு வருஷம். சித்திரை வெயிலில் அந்தச் செட் கொதித்தது என்று, பழைய காரில் கழற்றின குட்டி ஃபேன் ஒன்றை அதன் முதுகில் மாட்டினார் சண்முகவேல். அன்றிலிருந்து எல்லாக் குரலுக்கு மேலும் ஓர் இரைச்சல் ஏறி உட்கார்ந்துகொண்டது. பத்து வார்த்தை வந்தால் ஏழு வார்த்தையை அது விழுங்கிவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடிக்காரர் குரல் இப்படி வந்தது.

"கொர்ர்ர்... மருந்து இருக்கு... கொர்ர்ர்... பொறி... கொர்ர்ர்... ரெண்டு காலுலயும் பத்த வச்சிருங்க!"

தோணி கவிழ்ந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் வெடிமருந்துதான். அதோடு பொறி. அதோடு பத்த வைக்கிறது!

தலையாரி கோட்டைச்சாமி எனக்கு அண்ணன் முறை. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன்.

"ஏத்தா, நெசமாத்தான் சொல்லுதியா? அவரு படிச்ச மனுசன்."

"படிச்சவுக வீட்டுல மருந்து இருக்கக் கூடாதா? ஒரே செவுருண்ணே. அவரு வெடிச்சா நானும்ல சேந்து போவேன்!"

நாங்கள் போனபோது சண்முகவேல் மேஜையில் குனிந்து எதையோ ஊதிக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி, வாங்கக்கா. உக்காருங்க."

"உக்கார வரல. மருந்தை எங்கன வச்சிருக்கீக? ஒரு பொட்டு அகப்பட்டாலும் செட்டைத் தூக்கிட்டுப் போயிருவேன். லைசென்ஸு, வேலை எல்லாம் போயிரும், சொல்லிட்டேன்."

"என்ன மருந்து?"

"பத்த வைக்கப் போறதாக் கேள்வி."

"பத்த வச்சாச்சே அண்ணாச்சி."

கோட்டைச்சாமி வாசற்படிக்குத் தாவிவிட்டார். நான் அவருக்கு முன்னாலேயே தெருவில் நின்றேன்.

சண்முகவேலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஈயத்தை வச்சுப் பத்த வச்சேன். வந்து பாருங்க."

குட்டி ஃபேனின் மோட்டாரில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு சாமான் ஒட்டியிருந்தது. அதற்கு இரண்டு கம்பிக் கால்கள்.

"மோட்டாருக்குள்ள பொறி பறக்குது. அந்தப் பொறிதான் ரேடியோவுல இரைச்சலா வருது. இந்தக் கெப்பாசிட்டர் பொறியை முழுங்கிரும். ரெண்டு வயரையும் முறுக்கி, இந்தக் கருப்பு வளையத்துக்குள்ள சுத்தி விட்டேன். மிச்சத்தை இது பிடிச்சுக்கிடும். கேளுங்க."

ஃபேன் சுழன்றுகொண்டுதான் இருந்தது. செட்டில் சத்தமே இல்லை. அப்புறம், காதோரம் உட்கார்ந்து பேசுகிற மாதிரி அந்தத் தூத்துக்குடிக் குரல்.

"சண்முகவேல், இரைச்சல் போச்சா? ஓவர்."

"போயே போச்சு, ஓவர்."

"இரைச்சலை விடுங்க. செவுத்துக்கு அங்கிட்டு மருந்து இருக்கு, பொறி கூடாது, பொறி கூடாதுன்னு ஒரு வாரமாத் தூங்காமப் பொலம்புனீகளே, இனியாவது தூங்குவீகளா? ஓவர்."

ஒரு வார்த்தையைக்கூட யாரும் விழுங்கவில்லை.

கோட்டைச்சாமி மெதுவாகத் திரும்பினார். "எந்தச் செவுரு?"

நான் வாசல் பக்கம் ஓர் அடி நகர்ந்தேன்.

"பின் செவுரு அண்ணாச்சி," என்றார் சண்முகவேல். "கொல்லையில எலுமிச்சைக்கு அடிக்கிற பூச்சி மருந்து டின் கெடக்கு. பத்துனா பொசுக்குன்னு பிடிச்சுக்கிடும். நம்ம ஊர்லதான் மருந்துன்னு சொன்னாலே வெடியால்ல ஆயிருது."

கோட்டைச்சாமிக்குச் சிரித்துப் புரையேறியது. "ஏத்தா அய்யம்மா! பூச்சி மருந்துக்கா என்னைய இந்த வெயில்ல ஓட விட்ட? அந்த வீடு வெடிக்கிறதுக்கு முந்தி என் நெஞ்சு வெடிச்சிருக்கும்ல!"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் போய்விட்டார்.

நானும் படியிறங்கினேன். சண்முகவேல் பின்னாலேயே வந்தார். கோபமாகப் பேசியிருந்தால் நானும் ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன். அவர் குரலே உயரவில்லை.

"அக்கா, செவுரு மனுசருக்குத்தான். கந்தக வாடை அதைத் தாண்டி வந்துருது."

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அரிசிப் பானைக்குப் பின்னால், சரவெடிக்கு அடைத்துக் கொடுக்கச் சொல்லி ஏஜெண்டு யாருக்கும் தெரியாமல் கொடுத்துவிட்டுப் போன நாலு கிலோ மருந்தை எடுத்து, வெளிச்சம் இருக்கும்போதே, அண்டாத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தேன்.