முதல் குளிர்காலம்

"இது வீடா, ஐஸ் பெட்டியா? சுவர் வழியாக் காத்து வருது. புள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டிருச்சு!"

நாரின் நகரக் கட்டுமானக் கம்பெனியின் மேலாளர் தொலொகோனின் மேஜையை ஓங்கித் தட்டினாள் பூருல்.

"உக்காரு தங்கச்சி, டீ குடி."

"உங்க டீயை நீங்களே குடிங்க!"

தொலொகோன் சுவரில் தொங்கிய நிறுவனரின் படத்தைக் காட்டினார்.

"இது அறுபது வருஷக் கம்பெனி. அன்னைக்கே அவர் ஒரு வழக்கம் வெச்சாரு. வீட்டைக் கட்டின மேஸ்திரி, முதல் குளிர்காலத்துல குடும்பத்தோட அதுல குடியிருக்கணும். அப்புறந்தான் விற்பனை. தன் புள்ளை தூங்கற வீட்டுல எவனாவது ஏமாத்துவானா?"

"அந்த வழக்கம் எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சுமா கத்துற? எந்த மேஸ்திரி கட்டினான், சொல்லு. இப்பவே சீட்டைக் கிழிக்கறேன்."

"எஷிம். என் வீட்டுக்காரர்."

தேநீர்க் கிண்ணத்தோடு உயர்ந்த அவர் கை அப்படியே நின்றது.

"சுவருக்குள்ள குளிர் தாங்க வைக்கிற பஞ்சு, பாதி போதும்னு அவர்கிட்டச் சொன்னது யாரு அண்ணே?"

தொலொகோன் கிண்ணத்தை மெல்லக் கீழே வைத்தார். பூருல் வீட்டுச் சாவியை மேஜைமேல் விட்டெறிந்தாள்.

"அப்போ கட்டினது நீங்கதான். குளிர்காலம் இன்னும் பாதி இருக்கு. பொண்டாட்டி புள்ளைங்களோட இன்னைக்கே குடி போங்க!"