நோரீனின் எடை

காரின் அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். எனக்கு மேலே, காருக்குள் உட்கார்ந்து, என் மாமியார் நோரீன் பேசிக்கொண்டிருந்தார்.

பேச்சு கேட்கிற வரை பரவாயில்லை.

"என் எடை என்னன்னு உனக்கு இப்போ தெரிஞ்சுபோச்சு. வெளிய சொன்னே, அவ்வளவுதான் மாப்பிள்ளை. கென்டல் ஊர் பூரா பரவிடும்."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், நோரீன். அசையாம இருங்க."

"மூச்சாவது விடலாமா?"

"விடுங்க."

நான் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

என்னைவிட வயதான ஸ்போர்ட்ஸ் கார். முன்சக்கரங்களைத் தாங்கும் இரும்புக் கைகளின் முனையில் இருந்த புஷ்கள் என்ற ரப்பர் வளையங்கள் வெடித்துப்போயிருந்தன. தொட்டால் கறுப்பாக உதிர்ந்தன. பிரேக்கை மிதித்தால் கார் ஒரு பக்கமாக இழுத்தது.

நாளை என் மனைவி டெஸ்ஸாவின் பிறந்தநாள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் இந்தக் கார் கணவாயைத் தாண்டிக் கடலுக்குப் போகும். அவள் இல்லாவிட்டாலும் போகும் என்று நோரீன் சொல்லிவிட்டார். அந்தப் பாதையில் பாதி வளைவுகளுக்குத் தடுப்புச் சுவர் கிடையாது.

அதனால் எல்லாப் புஷ்களையும் மாற்றினேன்.

கடைசி முறுக்கில்தான் கவனம் வேண்டும். சக்கரங்கள் தொங்கும்போது போல்ட்டை இறுக்கிவிட்டால், காரை இறக்கியதும் புது ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். சீக்கிரமே கிழிந்துவிடும். கார் தன் சக்கரங்களில் நிற்க வேண்டும். ஆட்கள் உட்கார்ந்தால் எவ்வளவு தாழுமோ அவ்வளவு தாழ்ந்திருக்க வேண்டும்.

ஜாக்கியால் தூக்கி, நான்கு சக்கரங்களையும் சாய்வுக் கட்டைகளின் மேல் இறக்கினோம். இடது இருக்கையில் தோட்ட மண் மூட்டைகளை அடுக்கினேன். வலது இருக்கைக்கும் மூட்டை வாங்கப் புறப்பட்டேன்.

"காசு கொடுத்து மண்ணு வாங்குவியா? நான் சும்மாதானே இருக்கேன்" என்று நோரீன் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

டெஸ்ஸா பிப்ரவரியில் இறந்தாள். காலையில் ரொட்டியில் மார்மலேட் தடவிக்கொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பாதி வாக்கியத்தில் நிறுத்தினாள்.

நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "ம், சொல்லு" என்றேன்.

மூளையில் ஒரு ரத்தக்குழாய் பலூன் போல வீங்கியிருந்ததாம். சில குடும்பங்களில் இது தொடர்ந்து வரும், அவளுடைய அம்மாவும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது என்றார் மருத்துவர்.

நோரீன் எடுக்கவில்லை. "இருந்தா இருந்துட்டுப் போகட்டும். பார்த்து என்ன பண்ண? பேர் வைக்கவா?"

எனக்கு அப்பா அம்மா இல்லை. மிச்சம் இருப்பது இவர் ஒருவர்தான்.

கடைசி போல்ட். முறுக்கு அளக்கும் ஸ்பேனரை மாட்டி மெல்ல இழுத்தேன். மேலே நோரீன் தன் அக்காவைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"டெஸ்ஸாவோட அஞ்சாவது பிறந்தநாளுக்கு அவ செஞ்ச கேக் இருக்கே, அதுல சர்க்கரைக்குப் பதிலா அவ..."

நின்றது.

நான் காத்திருந்தேன்.

ஸ்பேனர் 'டக்' என்றது. முறுக்கு சரி. மேலே சத்தமில்லை. இருக்கையின் ஸ்பிரிங் கூட முனகவில்லை.

"ம், சொல்லுங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று காதில் விழுந்தது.

"நோரீன்?"



எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. நெற்றி எதிலோ உரசியது. எழுந்து நின்ற பிறகும் உள்ளே பார்க்க முடியவில்லை. கதவுக் கைப்பிடியில் விரல்கள் எண்ணெயில் வழுக்கின. ஜன்னல் வழியே அவருடைய தலையின் பின்புறம் தெரிந்தது. இருக்கையில் சாய்ந்திருந்தது. கொஞ்சம் மேல்நோக்கி.

கதவைத் திறந்தேன்.

"இந்தக் கண்ணாடிய நீ தொட்டியா?" என்றார் நோரீன்.

பின்னால் வருவதைப் பார்க்கும் சின்னக் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"டெஸ்ஸா வச்சது அப்படியே இருக்கு. எனக்காக ஒரு இம்மி கூடத் திருப்ப வேண்டாம், பாரேன். அளவெடுத்த மாதிரி இருக்கு."

அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே உயரம். ஒரே கழுத்து. ஒரே தலை.

"ஸ்கேன் எடுத்துட்டு அப்புறம் போலாமே" என்றேன்.

"உன் வேலை முடிஞ்சுதா இல்லையா?"

"முடிஞ்சுது."

"அப்போ நாளை வரைக்கும் எதுக்கு? கணவாய் வரைக்கும் போயி பார்த்துட்டு வந்துடலாம். நெத்தியில ரத்தம் வருது, துடை."

சாவியைத் திருப்பினார். கட்டைகளை விட்டுக் காரைப் பின்பக்கமாக அவரே அலுங்காமல் இறக்கினார்.

டெஸ்ஸாவுக்குப் பிறகு அந்தக் கண்ணாடியை யாரும் திருப்பவில்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.

இடது இருக்கையிலிருந்து மண் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தேன். அந்த இடத்தில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டேன்.

"பேசிக்கிட்டே ஓட்டுங்க, நோரீன்" என்றேன்.