பத்தரை பார் ஐஸ்

“பாசிலா! மறுபடியும் நின்னு போச்சு, கீழ வா!”

முதலாளி அபுபக்கரின் சத்தம் மாடி அறை வரை கேட்டது. பாசிலா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினாள்.

படகுகள் கடலுக்குப் போகும் நாளில், ஜெகதாப்பட்டினம் ஐஸ் கம்பெனி வாசலில் காலையிலேயே நிற்க இடம் கிடைக்காது. போன மாதம் வரை துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துத்தான் ஐஸ் வாங்கினார்கள். இப்போது வாசலில் ஒரு கம்ப்யூட்டர். படகு நம்பரையும், எத்தனை பார் ஐஸ் கட்டி வேண்டும் என்பதையும் அடித்தால் போதும், அரவை மெஷின் அத்தனையையும் நொறுக்கித் தள்ளிவிடும். அந்த புரோகிராமை எழுதியவள் பாசிலா. வீட்டில் மூன்று மாதம் மல்லுக்கட்டிச் சேர்ந்த முதல் வேலை.

கீபோர்டு முன்னால் விசைப்படகு டிரைவர் அஸ்வர், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றிருந்தான். மெஷின் அசையாமல் கிடந்தது.

“இன்னைக்கு என்ன அடிச்சீங்க?”

“பத்தரை. பத்து, புள்ளி, அஞ்சு.”

“அரை பாரெல்லாம் மெஷின் போடாதுங்க. முழு எண்ணாத்தான் அடிக்கணும்.”

“பத்து பார் பத்தாது. பதினொண்ணு வாங்குனா கரைஞ்சு வீணாப் போகுதே?”

“சரி, திங்கக்கிழமை எதுக்கு மைனஸ் ரெண்டு அடிச்சீங்க?”

“முன்னாடி வாங்குனதுல ரெண்டு பார் மிச்சம் கெடந்துச்சு. கழிச்சுக்கிடட்டுமேன்னுதான்.”

ஐஸ் ஏற்றும் பெரியண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல், “அதுக்கு முந்தி நம்பரை எழுத்துல அடிச்சாரும்மா” என்று எடுத்துக் கொடுத்தார்.

பாசிலா சிரிக்காமல் நான்கு பொத்தான்களை அழுத்தினாள். மெஷின் கடகடவென்று ஓடத் தொடங்கியது. அபுபக்கர்தான் அடங்கவில்லை.

“ஒரு மாசத்துல பத்து தடவை நின்னுருச்சு! பின்னாடி எத்தனை படகு காத்துக் கெடக்குன்னு பாரு. ஆவுடையார்கோவில்லேருந்து கம்ப்யூட்டர் வாத்தியார் ரகுநாத்தை வரச் சொல்லிருக்கேன். புரோகிராம்ல கோளாறுன்னு அவர் சொல்லிட்டாருன்னா, நாளையிலேருந்து பழையபடி சீட்டுதான். நீயும் வீட்டுல இருந்துக்க.”

பாசிலாவின் முகம் வெளிறிவிட்டது.

“வாத்தியாரெல்லாம் எதுக்கு மொதலாளி? அஞ்சு நிமிசம் குடுங்க, நானே சரி பண்ணிடறேன்.”

“ஒரு மாசமாப் பண்ணாததை அஞ்சு நிமிசத்துல பண்ணிருவியா?”

அதற்குள் ரகுநாத் வந்து இறங்கிவிட்டார். வந்தவர் வணக்கம்கூடச் சரியாகச் சொல்லாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பாசிலா எழுதியதை வரிவரியாகப் படிக்க ஆரம்பித்தார். பாசிலா துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் முட்டியது.

அதைப் பார்த்ததும் அஸ்வருக்குத் தாங்கவில்லை.

“மொதலாளி, இவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. தப்பு என்னோடது.”

“அதான் ஊருக்கே தெரியுமே! ஒனக்கு ஒரு நம்பரை ஒழுங்கா அடிக்கத் தெரியலை.”

“தெரியும் மொதலாளி. நான் பாலிடெக்னிக் முடிச்சவன்.”

“அப்புறம்?”

அஸ்வர் தலையைச் சொறிந்தான்.

“மொத தடவை கை தவறித்தான் எழுத்து விழுந்துச்சு. மெஷின் நின்னுச்சு, இவங்க எறங்கி வந்தாங்க. அதுக்கப்புறம் அடிச்சதெல்லாம் வேணும்னே அடிச்சது. ஒழுங்கா அடிச்சா இவங்க ஏன் மாடியை விட்டு வரப் போறாங்க?”

பெரியண்ணன் தோளில் இருந்த கோணிச் சாக்கு நழுவிக் கீழே விழுந்தது. வரிசையில் நின்ற யாரோ விசில் அடித்தார்கள். அபுபக்கருக்குத் திட்டுவதா சிரிப்பதா என்றே தெரியவில்லை.

“அடப் பாவி! ஒன் வெளையாட்டால இந்தப் புள்ளையோட வேலையே போகப் பாத்துச்சே!”

“அதான் சொல்லிட்டேனே மொதலாளி. வெள்ளிக்கிழமை எங்க அத்தா அம்மாவைக் கூட்டிக்கிட்டு அவங்க வீட்டுக்கே முறையாப் போயிடறேன். அவங்களுக்குச் சம்மதம்னா.”

பாசிலா யாரையும் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் திரையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பயம் இன்னும் போகவில்லை என்று அபுபக்கருக்குத் தோன்றியது. பாவமாக இருந்தது.

“விடும்மா, இவன்தான் ஒத்துக்கிட்டானே. ஒன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது. வாத்தியாரே, நீங்களும் விட்டுடுங்க. இருந்தாலும் கேக்குறேன், கண்டதை அடிச்சா நிக்காத மாதிரி எழுத முடியாதா?”

ரகுநாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பாசிலாவைப் பார்த்துச் சிரித்தார்.

“மொத நாளே எழுதிருக்காங்க பாய். எழுத்து, புள்ளி, மைனஸ் எதை அடிச்சாலும் நிக்காம திருப்பிக் கேக்கும். இப்ப திரையில இருக்குற இந்தத் தம்பியோட படகு நம்பருக்கு மட்டும் இதெல்லாம் பாக்காம நின்னுடணும்னு அதே மொத நாள்ல தனியா ஒரு வரி போட்டு வச்சிருக்காங்க!”