புள்ளி மூன்று மில்லிமீட்டர்

மே 18, சனி. இந்த வாரத் தவறு: எலியேசரின் சைக்கிள் முன்சக்கர ரிம்மை இரண்டு முறை அளந்தேன். அதில் ஒன்று தப்பு. எது என்று எனக்குத் தெரியவில்லை.

தவறை முதல் வரியில் எழுத வேண்டும் என்பது மாலை நேரத் தொழிற்கல்வி வகுப்பு ஆசிரியர் சொன்னது. அதைக் காலையிலேயே எழுதிவிட்டேன்; மற்றதை இப்போது, இரவில், நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

எங்கள் பேக்கரி மலைமேல் இருக்கிறது. ஏழு பேர் விடியலில் ரொட்டிக் கூடையுடன் சைக்கிளில் கீழே சோகமோசோ நகருக்கு இறங்குவார்கள். பதினோரு கிலோமீட்டரும் பிரேக்கைப் பிடித்தபடிதான். பிரேக் கட்டை உரசி உரசி ரிம்மின் பக்கச் சுவர் மெலிந்துகொண்டே வரும். புதிதில் 1.6 மில்லிமீட்டர். ஒன்றுக்குக் கீழே போனால்தான் புது ரிம் என்பது முதலாளி தோன் ரோசெந்தோவின் உத்தரவு. அளப்பது என் வேலை.

திங்கட்கிழமை எலியேசர் சக்கரத்தைக் கழற்றி என் மேசையில் வைத்தார். ரிம் அளக்கும் என்னை எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“டாக்டரம்மா, சாகக் கெடக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

டயரை எடுத்துவிட்டு நான்கு இடத்தில் அளந்தேன். “ஒன்னு புள்ளி ரெண்டு. இன்னும் ரெண்டு மாசம் ஓடும், அண்ணே.”

“ரெண்டு மாசத்துல மழை நின்னுடும். அப்புறம் புது ரிம்ம வச்சு நான் என்ன, கல்யாண ஊர்வலமா போறேன்?”

பக்கத்தில் கூடை கட்டிக்கொண்டிருந்த வில்மர் சிரித்தார். “அவளக் கெஞ்சாதப்பா. அவ அம்மா செத்தாக்கூட மூணு தடவ அளந்து பாத்துட்டுத்தான் அழுவா.”

எலியேசர் சிரிக்கவில்லை. “மூணாம் வளைவுல பிரேக் புடிச்சா கைப்பிடியே உதறுது. வீட்ல எம் பொண்டாட்டி ஒத்திலியா தெனம் கேக்குறா, மாத்துனியா மாத்துனியான்னு.”

“உத்தரவு அப்படி, அண்ணே.”

வியாழக்கிழமை மறுபடி வந்தார். “இன்னொரு தடவ பாருங்களேன். பாக்குறதுக்கு என்ன?”

பார்த்தேன். 0.9. கருவியைத் துடைத்துவிட்டு அளந்தேன். 0.9. ரிம்மில் கீறல்கள் எப்போதும்போல் சுற்றுவாக்கில் இல்லாமல் குறுக்காகச் சாய்ந்திருந்தன. குவாரி லாரி சிந்திய மணலாக இருக்கும் என்று நோட்டில் குறித்தேன்.

“எவ்ளோ?”

“புள்ளி ஒம்போது.”

அவர் முகம் மலர்ந்தது. “அப்ப மாத்திடுவீங்க.”

“மூணு நாள்ல இவ்ளோ தேயாது, அண்ணே. மாசம் முழுக்க ஓட்டினாலே புள்ளி ஒன்னுதான் தேயும். நான்தான் எங்கயோ தப்பு பண்றேன். வகுப்புலேர்ந்து வேற வெர்னியர் அளவுகோல் கேட்டு வாங்கிட்டு வர்றேன். சனிக்கிழமை அளந்துடலாம்.”

“இன்னைக்கு அளந்ததே சரின்னு வச்சுக்கிட்டா என்ன?”

“எப்படி வச்சுக்க முடியும்? முதலாளி திங்கக்கிழமை கணக்கையும் பாப்பாரு.”

அடுப்பறை வாசலில் தோன் ரோசெந்தோ கைகட்டி நின்றிருந்தார். எலியேசர் அவரை ஒருமுறை பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டார்.

“உங்கள நீங்களே நம்ப மாட்டேங்குறீங்களே, டாக்டரம்மா” என்று சொல்லிவிட்டு டயரை மாட்டினார்.

நேற்று, வெள்ளி, மூன்றாம் வளைவில் அந்த ரிம் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது. தடுப்புச் சுவரைத் தாண்டி விழுந்தவரைக் கயிறு கட்டித்தான் மேலே கொண்டுவந்தார்கள். அப்போதே உயிர் இல்லை.

இன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் சவப்பெட்டி, நான்கு மெழுகுவத்தி. உள்ளறையில் பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதலாளியிடம் சொல்வதற்கு முன் ஒத்திலியாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியத்தைச் சரிசெய்துகொண்டே வந்திருந்தேன். என்னை என்ன செய்தாலும் வாங்கிக்கொள்வதாக முடிவு செய்திருந்தேன்.

ஒத்திலியா என்னைச் சமையலறைக்கு அழைத்துப்போய் வெல்லத் தண்ணீரைச் சூடாக நீட்டினார். “குடி. ஆறிடும்.”

“அக்கா, என் தப்புக்கா இது. ரெண்டு தடவ அளந்தேன். ரெண்டும் வேற வேற. திங்கக்கிழமை தப்பா அளந்தேனா, வியாழக்கிழமை தப்பா அளந்தேனான்னு இன்னும் எனக்குப் புரியல. ஒழுங்கா அளந்திருந்தா அவரு இருந்திருப்பாரு.”

அவர் என் கையிலிருந்த குவளையை வாங்கிக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“நீ ரெண்டு நாளும் சரியாத்தான் அளந்த, மார்லேனி.”

எனக்கு விளங்கவில்லை.

“ஒன்னுக்குக் கீழ போனாத்தான் குடுப்பாங்கன்னாரு. மூணு சாயங்காலம் ரிம்ம இந்த மேசைல வச்சு அரத்தால தேய்ச்சாரு. தேய்ங்கன்னு சொன்னது நான். சக்கரத்த அசையாம புடிச்சுக்கிட்டதும் நான்தான்.”

உள்ளறையில் ஜெபம் ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கியது. ஒத்திலியா குரலைத் தாழ்த்தினார்.

“அரம் இப்ப வில்மர்கிட்ட இருக்கு.”

நாளை, ஞாயிறு: காலை நாலரைக்கு, கூடை கட்டுவதற்கு முன்னால், ஆறு சைக்கிளின் முன்சக்கரத்தையும் கழற்ற வேண்டும். முதலில் வில்மருடையது.